கொடைக்கு வந்த டைனோசர்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட் விளக்கு அலங்காரம் எப்போதும் ஒரே மாதிரிதான். வளைவின் நடுவில் அம்மன், இரண்டு பக்கமும் பூத்தூவும் யானை, கீழே மயில். போன கொடைக்கு யானை நின்ற இடத்தில் டைனோசர்! வாயைத் திறந்து மூடுகிறது, வாலை ஆட்டுகிறது, பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது.

பெரியம்மை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏல, இது என்ன யாளி? தும்பிக்கைய எங்க?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் கண்டிராத மிருகத்தைத் தூணில் செதுக்கி, வாய்க்குள் கல் உருண்டையை உருளவிட்டவர்கள்தானே நம் சிற்பிகள். டைனோசருக்காவது எலும்பு உண்டு என்போம். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளுக்கு 1987இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவை உதிர்ந்தே போயின; படமும் குறிப்பும்தான் மிச்சம். ஆக அதுவும் கிட்டத்தட்ட யாளி கதைதான்.

லைட்காரர் மேடைக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் உருளையில் தகடு ஒட்டி மோட்டாரில் சுற்றவிடுவார்கள். கடகடவென்று சத்தம் வரும், வரிசை வரிசையாக பல்ப் எரியும். இப்போது பிக்சல் லைட். ஒவ்வொரு பல்புக்கும் ஒரு சிப். படத்தை வரைந்து மெமரி கார்டில் ஏற்றி, கன்ட்ரோலர் பெட்டியில் செருகினால் போதும், புள்ளிக்குப் புள்ளி வேறு நிறம்.

"கையில ரெண்டு விரல்தான போட்டிருக்கிய, அண்ணாச்சி?"

"டி-ரெக்ஸுக்கு ரெண்டுதான் தம்பி. முன்ன ஒரு ஊர்ல மூணு போட்டேன், பள்ளிக்கூடத்துப் பய ஒருத்தன் பிடிச்சுட்டான்."

எனக்கு ஒட்டாதது இயந்திர யானைதான். 2023இல் திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் ராமன் என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலை, காது, வால் எல்லாம் மோட்டாரில் ஆடும். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்த பிறகு எங்கள் டீக்கடையிலும் அந்தப் பேச்சு வந்தது. சங்கிலியும் அங்குசமும் வேண்டாம் என்பது சரி, மறுக்கவில்லை. ஆனால் தும்பிக்கை தலையில் படும்போது வருமே ஒரு சூடான மூச்சு, அதற்கு எந்த மோட்டார்? டைனோசரிடம் அந்த வம்பே இல்லை. அதனிடம் யாரும் ஆசீர்வாதம் கேட்பதில்லை.

அப்புறம், டைனோசருக்கு அடியிலேயே உபயதாரர் பேரையும் லைட்டில் போட்டுவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர். கொடைக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கும் வரி போக தனியாகப் பணம் கொடுத்தவர். இப்போது ஊரே அவரை டைனோசர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. வரும் கொடைக்கு யானையே போதும் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டாராம்.