நாற்றில் குரோமோசோம் இரட்டித்துவிட்டதா? உறுதிசெய்ய உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. லேகர்ஸ்ட்ரோமியா இண்டிகா என்னும் கிரேப் மிர்ட்டில் நாற்றுகளில் குரோமோசோமை இரட்டிக்க முயன்று வருகிறேன். இயல்பாக 48, அதாவது இரண்டு தொகுதி. அதை 96 ஆக்கி, அந்த நான்மடியத்தை (நான்கு தொகுதி கொண்ட செடி) சாதாரணச் செடியோடு கலந்தால் 72 கொண்ட மும்மடியம் (மூன்று தொகுதி கொண்ட செடி) கிடைக்க வேண்டும். மும்மடியம் பெரும்பாலும் விதை கட்டாது. காய்க்குப் போகும் சத்து மிஞ்சினால் பூ நீண்ட நாள் தொடரும் என்பதுதான் என் பெரிய ஆசை.

குரோமோசோமை இரட்டிக்க வழக்கமாகப் பயன்படும் கோல்ச்சிசின் கொடிய நஞ்சு என்பதால், அதே வேலையைச் செய்யும் ஒரைசலின் என்ற களைக்கொல்லியைத் தேர்ந்தெடுத்தேன். வித்திலை விரிந்ததும் நடுக்குருத்தின் மேல் அகர் கலந்த கரைசலை ஒரு சொட்டு வைக்கிறேன். அகர் இருப்பதால் வழிந்தோடாமல் நிற்கிறது. பல நாற்றுகள் கருகின. தப்பியவற்றில் சிலவற்றின் இலை தடித்து, அகன்று, கரும்பச்சையாக, ஓரம் சற்றே நெளிந்து வருகிறது. இலையின் அடிப்பக்கத் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்த்தால் இலைத்துளைகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் தெரிகின்றன. இவை இரட்டித்ததற்கான அறிகுறிகள்.

ஆனால் இலைத்துளை மேல்தோல் அடுக்கின் கதையை மட்டும்தான் சொல்லும். மகரந்தமும் சூலும் அதற்கு அடுத்த அடுக்கிலிருந்து வருபவை. மேல்தோல் மட்டும் இரட்டித்து அந்த அடுக்கு மாறாத கலப்புச் செடியாக (ஒரே செடியில் இருவகைச் செல்கள்) இருந்தால் கலப்பினத்துக்குப் பயனில்லை. சொட்டு வைத்தது குருத்தில்தான் என்பதால், வேர்நுனியில் குரோமோசோமை எண்ணினாலும் இதற்கு விடை கிடைக்காது.

செல்லில் உள்ள டி.என்.ஏ அளவைக் கணிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு இளந்தளிர் அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கிளைக்குக் கிளை தனித்தனியாகச் சோதிக்க வேண்டுமா? பூக்கும்வரை பொறுத்து மகரந்தத்தின் அளவைப் பார்ப்பதே போதுமா? கலப்பாக இருந்தால், பக்க மொட்டுகளைத் திரும்பத் திரும்ப வெட்டித் தளிர்க்கவிட்டு முழு நான்மடியத்தைப் பிரித்தெடுத்த அனுபவம் இருந்தால் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.