கேஷ் போட்டும் கூட்டம் வந்தால் தளம் படுத்துவிடுகிறது (வூகாமர்ஸ், என்ஜின்எக்ஸ்)

தாள்மணம்:

வணக்கம் நண்பர்களே. ஒரு சின்னப் பதிப்பகத்தின் புத்தக விற்பனைத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தளம் வேர்ட்பிரஸ், கடைப் பகுதி வூகாமர்ஸ், வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், பக்கம் தயாரிக்கும் மொழி பிஎச்பி, டேட்டாபேஸ் மரியாடிபி, எல்லாம் ஒரே விபிஎஸ்ஸில் (வாடகை சர்வர்), 2 ஜிபி ராம். சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சி சமயத்தில் எழுத்தாளர் யாராவது ஃபேஸ்புக்கில் புத்தகத்தின் லிங்கைப் போட்டுவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் 504 (சர்வர் நேரத்துக்குள் பதில் தரவில்லை என்ற பிழை) வர ஆரம்பித்துவிடுகிறது, வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விடுகிறார்கள். பதிப்பகத்துக்கு அந்த இரண்டு வாரம்தான் வருடத்தில் முக்கியமான விற்பனை.

தளத்துக்கு முன்னால் நின்று ஃபைல்களைக் கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையைச் சேர்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம் இணையத்தில் கிடைத்த ஒரு கான்ஃபிக்கை (செட்டிங் ஃபைல்) வைத்து என்ஜின்எக்ஸ் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் போட்டேன், அதாவது பிஎச்பி ஒரு தடவை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவர்களுக்கும் அதையே கொடுப்பது. இப்போது நான் திறந்தால் பக்கம் உடனே வருகிறது. ஆனால் ஃபேஸ்புக் கூட்டம் வந்தால் பழையபடி 504. டேட்டாபேஸ் பதில்களை ராமில் வைத்திருக்கும் ரெடிஸ் போட்டால் சரியாகுமா? இன்னொரு பயமும் இருக்கிறது: கேஷ் போட்டதால் ஒருவருடைய விலாசமும் ஃபோன் நம்பரும் இன்னொருவரின் செக்அவுட் பக்கத்தில் வந்துவிடாதே?

பைட்டுபாண்டி:

கிளவுட்ஃப்ளேர் விஷயம் எளிது. அது படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற ஃபைல்களைத்தான் தானாகக் கேஷ் செய்யும், எச்டிஎம்எல் பக்கத்தைத் தொடாது. நீங்களாக ரூல் எழுதினால்தான் உண்டு. உங்களுக்கு நேரம் போவதோ பிஎச்பி ஓடி, டேட்டாபேஸில் கேட்டு, எச்டிஎம்எல் தயாரிக்கும் இடத்தில், அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு சோதனை செய்து சொல்லுங்கள். பிரவுசரில் இன்காக்னிடோ விண்டோ திறந்து, டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபுக்குப் போய், ஒரு புத்தகப் பக்கத்தின் ரெஸ்பான்ஸ் ஹெடரில் (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்புகள்) கேஷ் ஸ்டேட்டஸ் என்ன வருகிறது என்று பாருங்கள். அந்த ஹெடர் இல்லையென்றால் என்ஜின்எக்ஸில் ஒரு வரி சேர்த்தால் வந்துவிடும். விலாசத்தை நேரடியாக டைப் செய்து ஒரு தடவை, ஃபேஸ்புக் பதிவிலிருந்து கிளிக் செய்து ஒரு தடவை, இரண்டையும் பாருங்கள். அது தெரியாமல் ரெடிஸ் பற்றிப் பேசிப் பயனில்லை.

தாள்மணம்:

பார்த்தேன் ப்ரோ. கிளவுட்ஃப்ளேர் ஹெடரில் இரண்டு தடவையும் டைனமிக், அதாவது அது கேஷ் செய்யவில்லை. என்ஜின்எக்ஸ் ஹெடரில், நேரடியாகப் போனால் ஹிட். ஃபேஸ்புக்கிலிருந்து போனால் பைபாஸ்! ஒரே பக்கம்தான், இது ஏன்?

வடகரை:

ஹிட் என்றால் பக்கம் கேஷிலிருந்து வந்தது, பைபாஸ் என்றால் கேஷைத் தாண்டி பிஎச்பிக்குப் போனது. பைபாஸ் என்ற அந்த ஒரு சொல்லிலேயே உங்கள் 504-க்குக் காரணம் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலிருந்து வந்த பிறகு அட்ரஸ் பாரைப் பாருங்கள், லிங்குக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு எஃப்பிகிளிக்ஐடி என்று நீளமாக ஒரு வால் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் அது வேறு வேறாக வரும். இணையத்தில் சுற்றும் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் பெரும்பாலானவற்றில், லிங்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் எது இருந்தாலும் கேஷைத் தாண்டிப் போ என்று ஒரு நிபந்தனை இருக்கும். தேடல் பக்கம், கார்ட்டில் சேர்க்கும் லிங்க் இவற்றுக்காக வைத்தது, அந்த வகையில் நியாயமானதுதான். ஆனால் ஃபேஸ்புக் கூட்டம் மொத்தமும் அதே வழியில் நேராக பிஎச்பியின் தலையில் போய் விழுகிறது. கூட்டத்துக்காகப் போட்ட கேஷ் கூட்டத்துக்கு மட்டும் வேலை செய்வதில்லை. அந்த நிபந்தனையை வெறுமனே நீக்கினாலும் தீராது, கேஷின் கீயில் (சேமித்த பக்கத்தை அடையாளம் காணும் பெயர்) முழு லிங்கும் இருப்பதால் ஒவ்வொரு கிளிக்கும் புதுப் பக்கமாகக் கணக்காகி மிஸ் ஆகும் (கேஷில் கிடைக்காது), டிஸ்க்கும் நிரம்பும்.

செய்ய வேண்டியது இரண்டு. எஃப்பிகிளிக்ஐடி, ஜிகிளிக்ஐடி, யூடிஎம் என்று தொடங்கும் டிராக்கிங் வால்கள் மட்டும் இருந்தால் எதுவும் இல்லாததாக எடுத்துக்கொள்ளும்படி என்ஜின்எக்ஸில் ஒரு மேப் (எது வந்தால் எதுவாக எடுப்பது என்ற பட்டியல்) எழுதுங்கள். வேறு ஏதாவது ஒன்று கலந்திருந்தாலும் பழையபடி பைபாஸ் ஆகட்டும். அடுத்து, கேஷ் கீயில் கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் வையுங்கள். இந்த இடத்தில் கவனம் தேவை. என்ஜின்எக்ஸில் யூஆர்ஐ என்றே ஒரு வேரியபிள் இருக்கிறது, பார்த்தால் அதைத்தான் போடத் தோன்றும். ஆனால் வேர்ட்பிரஸில் பிஎச்பி பிளாக்குக்குள் வரும்போது எல்லாப் பக்கத்துக்கும் அதன் மதிப்பு இன்டெக்ஸ் பிஎச்பி என்று மாறியிருக்கும். அதைக் கீயாகப் போட்டால் எந்தப் புத்தகத்தைக் கிளிக் செய்தாலும் முதலில் கேஷான ஒரே பக்கம்தான் எல்லாருக்கும் வரும். ரெக்வெஸ்ட் யூஆர்ஐ என்ற வேரியபிளிலிருந்து ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் விதி) வைத்துப் பாதையைப் பிரித்தெடுங்கள்.

கூடவே கேஷ் லாக்கையும், அப்டேட் ஆகும்போது பழைய பக்கத்தைக் கொடு என்ற யூஸ் ஸ்டேலையும் ஆன் செய்துவிடுங்கள். கேஷ் காலாவதியாகும் அந்த நொடியில் 200 பேர் நின்றால் 200 பேரும் பிஎச்பிக்குப் போகாமல், ஒருவருக்காக மட்டும் பக்கம் தயாராகும், மற்றவர்களுக்குச் சற்று முன் இருந்த பக்கமே போகும். 2 ஜிபி மெஷினுக்கு இது ரொம்ப முக்கியம்.

விலாசம் மாறி வருவது பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் இதுதான் நடந்தது. தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய கேஷ் கான்ஃபிக் தவறாகப் போய், ஒருவரின் அக்கவுண்ட் பக்கம் வேறொருவருக்குத் தெரிந்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக அதை நடத்தும் வால்வ் நிறுவனமே பிறகு அறிவித்தது. உங்கள் கான்ஃபிக்கில் இக்னோர் ஹெடர்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாகவே செட்-குக்கி ஹெடர் (பிரவுசரில் குக்கி வைக்கச் சொல்வது) வரும் பக்கத்தையும், கேஷ் செய்யாதே என்று கேஷ்-கன்ட்ரோல் சொல்லும் பக்கத்தையும் சேமிக்காது. கார்ட், செக்அவுட் பக்கங்களுக்கு வூகாமர்ஸ் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறது. அந்த ஒரு வரி இந்தக் காவலைத் தூக்கிவிடும். ஹிட் அதிகமாக வரட்டும் என்று பலர் அதை கான்ஃபிக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், கடை நடத்தும் தளத்தில் அது இருக்கவே கூடாது என்பது என் கருத்து. அதோடு கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றின் பாதைகளையும், லாகின் குக்கி, வூகாமர்ஸ் கார்ட் குக்கி, செஷன் குக்கி வைத்திருப்பவர்களையும் கையாலேயே பைபாஸில் சேருங்கள்.

இழைநூல்:

வடகரை சொன்னது எல்லாம் சரி, ரெடிஸ் கேள்விக்கு மட்டும் சேர்க்கிறேன். ரெடிஸ் ஆப்ஜெக்ட் கேஷ், நீங்கள் போட்ட பேஜ் கேஷின் (முழுப் பக்கத்தையும் சேமிப்பது) வேலையைச் செய்யாது. பிஎச்பி ஓடத்தான் செய்யும், டேட்டாபேஸுக்குப் போகும் நடை மட்டும் குறையும். ஆனால் கார்ட்டில் புத்தகம் போட்டவர்கள், லாகின் செய்தவர்கள், அட்மின் பக்கத்தில் ஆர்டர் பார்ப்பவர் இவர்கள் எல்லாருக்கும் பேஜ் கேஷ் கிடையாதே, அவர்களுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். அதிகபட்ச மெமரிக்கு ஒரு வரம்பு போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் 2 ஜிபியில் மரியாடிபியோடு அது சண்டை போடும்.

கேஷ் ஆயுளை 10 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேர்ட்பிரஸின் நான்ஸ் (ஃபார்ம்களில் வைக்கும் பாதுகாப்புக் குறியீடு) 12 முதல் 24 மணி நேரத்துக்குள் காலாவதியாகும், பக்கம் அதற்கு மேல் கேஷில் கிடந்தால் அதில் உள்ள ஃபார்ம்கள் ஒரு காரணமும் சொல்லாமல் வேலை செய்வதை நிறுத்திவிடும், வாடிக்கையாளர் உங்களிடம் சொல்லாமலே போய்விடுவார். இன்னொன்று, வேர்ட்பிரஸின் க்ரான் (குறித்த நேரத்து வேலைகளை ஓட்டும் பகுதி) யாராவது பக்கத்தைத் திறந்து பிஎச்பி ஓடும்போதுதான் ஓடும். எல்லாம் கேஷிலிருந்தே போனால் அது தாமதமாகும், ஆர்டர் மின்னஞ்சல்கள்கூட நிற்கலாம். அதை அணைத்துவிட்டு லினக்ஸ் க்ரானில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுங்கள்.

தாள்மணம்:

இக்னோர் ஹெடர்ஸ் வரி இருந்தது! எடுத்துவிட்டேன், பாதைகளையும் குக்கிகளையும் பைபாஸில் சேர்த்தாயிற்று. மேப் எழுதிய பிறகு ஃபேஸ்புக்கிலிருந்து வந்தாலும் ஹிட் காட்டுகிறது. ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று: புத்தகக் காட்சிக்குத் தள்ளுபடி விலை மாற்றினால் 10 மணி நேரம் பழைய விலையே தெரியுமா?

வடகரை:

தெரியும், பர்ஜ் செய்யாவிட்டால் (கேஷிலிருந்து பக்கத்தை நீக்காவிட்டால்). என்ஜின்எக்ஸ் ஹெல்பர் ப்ளகினைப் போடுங்கள், புத்தகத்தை சேவ் செய்தவுடன் அந்தப் பக்கத்தை அது கேஷிலிருந்து நீக்கும். முகப்பும் அந்தப் புத்தகம் வரும் வகைப் பக்கங்களும் சேர்ந்து போகும்படி செட்டிங்கில் டிக் செய்ய வேண்டும், இல்லையென்றால் உள்ளே 200 ரூபாயும் வெளியே 250 ரூபாயும் தெரியும். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே நேரத்தில் தள்ளுபடி போடுவதானால், கூட்டம் இல்லாத விடியற்காலையில் மொத்தமாகப் பர்ஜ் செய்து, முக்கியமான பக்கங்களை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து நீங்களே ஒரு சுற்று திறந்துவிடுங்கள். காலையில் வரும் முதல் ஆளுக்கே கேஷ் தயாராக இருக்கும்.