தென்னை ஓலையில் ஒரு சிலையின் உயரம்

என்னை இந்தப் பொம்மை செய்யும் வேலைக்கு இழுத்து வந்தது சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடம். அப்போது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பூஜைக்கு நடராஜர் செய்யச் சொல்ல வேண்டும் என்று அத்தை என்னைத் துணைக்கு அழைத்துப் போனார்.

உயரம் பேசி முடிந்ததும் ஸ்தபதி ஒரு தென்னை ஓலையை எடுத்து, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி நீவினார். இது முகம், இது கழுத்து, இது தொப்புள், இது முழங்கால் என்று சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் ஸ்கேல் இல்லை. நான் கேட்டதற்கு, உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவு முறையில் சிலையின் மொத்த உயரமே 124 அங்குலம் என்று விளக்கினார். உள்ளங்கையில் அடங்குகிற சிலைக்கும் 124தான், ஆளுயரச் சிலைக்கும் 124தான். அந்த அங்குலம் கடையில் வாங்குகிற அளவுகோலில் இல்லை. அந்தந்தச் சிலைக்கே உரியது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஓர் உருவத்துக்கான அளவு அந்த உருவத்துக்குள்ளேயே இருக்கிறது!

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பது, காவிரி வண்டல் மண் பூசுவது, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்ப்பது எல்லாம் பிறகு பார்த்தேன். அவையும் அருமைதான். ஆனாலும் அந்த ஓலைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்று காகிதக் கூழில் கொலு பொம்மைகள் செய்கிறேன். ஓலை நறுக்காமல் ஒரு பொம்மையும் தொடங்குவதில்லை.

மறுமொழி:

அக்கா, படிக்கும்போதே அந்த ஓலையைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எனக்கு அப்படி அமைந்தது மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு பாறையில் யானைகளையும், தவம் செய்கிற பூனையையும்தான் எல்லோரும் காட்டுவார்கள். எங்கள் ஓவிய ஆசிரியர் ஒரு மானைக் காட்டினார். அது பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. கங்கை இறங்கி வருகிறது, தேவர்கள் விரைகிறார்கள்; மானுக்கு மூக்கு அரிக்கிறது! பல்லவர் காலத்துச் சிற்பி ஒருவர் இதைக் காட்டிலோ மேட்டிலோ நின்று பார்த்திருக்கத்தான் வேண்டும். மனத்திலிருந்து மட்டும் செதுக்கினால் இது வராது. இப்போது சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறேன். ஆட்டை வரைய வேண்டுமென்றால் முதலில் சந்தைக்குத்தான் போகிறேன்.