மறு: 'மாற்று வரலாறு' போதுமா? ஃபுளோரிடா 2000ஐ வைத்து உரசிப் பார்ப்போம்

ஐயா, வணக்கம்.

> 'ஆல்டர்நேட் ஹிஸ்டரி' என்பதை 'மாற்று வரலாறு' என்று நேராகவே சொல்லிவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஆட்சியாளர்கள் எழுதிவைத்ததற்கு மாற்றாக, அடித்தட்டு மக்கள் பக்கமிருந்து எழுதும் வரலாற்றைத்தான் நம் சிற்றிதழ்க்காரர்கள் நெடுநாளாக அப்படிச் சொல்லிவருகிறார்கள். அது நடந்ததைப் பற்றியது. நம் அகராதிக் குழு பெயர் தேடுவதோ நடக்காத ஒன்றுக்கு: அன்று வேறு மாதிரி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதும் வரலாற்றுக்கு.

> சரி, 'புனைவரலாறு' என்றால்?

நாவலுக்குப் பொருந்தும். ஆனால் குடியரசுக் கட்சியின் புஷ் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை வென்ற 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி 'அல் கோர் வென்றிருந்தால்' என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கதை சொல்லவில்லை, கணக்குப் போடுகிறார்கள். அவர்களைப் புனைவு என்று ஒதுக்க முடியாது.

என் முன்மொழிவு 'நிகழா வரலாறு'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'செல்லா வாக்கு' என்று நாம் அன்றாடம் சொல்வது போலத்தான்.

இதைவிட முக்கியமாக இன்னொரு சொல் வேண்டும்: நடந்த வரலாற்றிலிருந்து நடக்காத வரலாறு பிரியும் இடத்துக்கு. 'கவர்முனை' என்கிறேன். கிளை பிரியும் பாதைக்குக் 'கவர்வழி' என்ற பழைய சொல் இருக்கிறது. (சங்கப் பாட்டில் அதற்குக் 'கவலை' என்றும் பெயர் உண்டு. 'கவலைமுனை' என்று வைத்தால் தோற்ற வேட்பாளர்கள் மட்டும் ஏற்றுக்கொள்வார்கள்.)

ஏன் இந்தச் சொல் அவசியம்? ஃபுளோரிடாவில் புஷ் வென்றது சுமார் 60 லட்சம் வாக்குகளில் 537 வாக்கு வித்தியாசத்தில். அதிபர் யார் என்பதை முடிவு செய்பவை மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள். அந்த மாநிலத்தின் 25 தேர்வாளர் வாக்குகளோடு அவருக்கு 271, கோருக்கு 266. நாடு முழுவதும் கூட்டினால் கோருக்கே ஐந்து லட்சத்துக்கு மேல் அதிகம். இவ்வளவு நெருக்கத்தில் எதைத் தொட்டாலும் முடிவு மாறும் என்றுதான் தோன்றும். மாறாது. எங்கே தொடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

எல்லாரும் முதலில் தொடுவது, ஃபுளோரிடாவின் மறு எண்ணிக்கையை நிறுத்திய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை. 'டிசம்பரில் மறு எண்ணிக்கையைத் தடுக்காமல் விட்டிருந்தால் கோர்தான் அதிபர்' என்று இன்றும் எழுதுகிறார்கள். பிறகு ஊடக நிறுவனங்கள் கூட்டாக நடத்திய ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மாநில நீதிமன்றம் எண்ணச் சொன்னது, இயந்திரம் எந்தப் பெயரையும் படிக்காமல் விட்ட சீட்டுகளை. அவற்றை மட்டும் எண்ணி முடித்திருந்தாலும் அநேகமாகப் புஷ்தான் முந்தியிருப்பார். கோர் கேட்டபடி நான்கு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) எண்ணியிருந்தாலும் அதே கதி. ஒன்றுக்கு மேல் குறி விழுந்து தள்ளப்பட்டவை உட்பட, மாநிலம் முழுக்கத் தள்ளுபடியான சீட்டுகளையெல்லாம் பார்த்திருந்தால்தான் மயிரிழையில் கோர். அதை அவர் தரப்பே கேட்கவில்லை!

உறுதியான கவர்முனை வேறிடத்தில் இருக்கிறது: பாம் பீச் கவுண்டியின் வாக்குச்சீட்டு. முதியவர்கள் படிக்க எழுத்தைப் பெரிதாக்கினார்கள். ஒரே பக்கத்தில் பெயர்கள் அடங்காததால் இரண்டு பக்கமாகப் பிரித்து, வாக்களிக்கக் குத்தவேண்டிய துளைகளை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலில் இருந்த இன்னொரு வேட்பாளர் புக்கானனுக்கு, கோருக்கு மூன்றாவது. அந்த ஒரு கவுண்டியில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. பெரும்பாலும் அவை கோருக்கு விழவேண்டியவை என்று புக்கானனே ஒப்புக்கொண்டார். 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒன்றுக்கு மேல் துளை விழுந்து செல்லாமல் போயின. 537 எங்கே, இவை எங்கே?

எனவே கவர்முனையைச் சொல்லாத நிகழா வரலாறு வெறும் ஆதங்கம். அகராதியில் இரண்டு சொல்லையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து.

---

தம்பிக்கு,

'கவர்முனை' நன்று. ஆனால் 'கவர்' என்றதும் இளைஞர்களுக்குக் கடித உறைதான் நினைவுக்கு வரும், பரவாயில்லை, பழகிவிடும்.

'நிகழா'வில் எனக்குத் தடை உண்டு. 'நிகழா வரலாறு' சரி. நாளைக்கே ஒருவர் 'நிகழாத் தேர்தல்' என்று எழுதினால்? தேர்தல் நிகழ்ந்ததே! நிகழாதது முடிவு மட்டும்தானே. 'எதிர்வரலாறு' என்று வைத்தால் என்ன?

---

ஐயா,

'எதிர்' என்றால் எதிர்காலமும் வரும், எதிர்ப்பும் வரும். 'கோர் எதிர்வரலாறு' என்று படித்தால் கோரைத் திட்டி எழுதியது போலிருக்கிறது.

உங்கள் தடையை ஏற்கிறேன். 'நிகழா' என்பது வரலாறு, முடிவு, ஆட்சி ஆகியவற்றுக்கு முன் மட்டும் வரட்டும். அகராதிக் குறிப்பில் அதைச் சொல்லிவிடலாம். எடுத்துக்காட்டுக்குக் 'கோரின் நிகழா ஆட்சி' என்று போடுங்கள். அதிலும் எல்லாம் அவர் நினைத்தபடி நடந்திருக்காது. கோருடன் நின்ற லீபர்மன் துணை அதிபராகியிருந்தால் அவருடைய செனட் (நாடாளுமன்ற மேலவை) இடம் காலியாகும். அதை நிரப்பும் அதிகாரம் கனெக்டிகட் ஆளுநருக்கு, அவரோ குடியரசுக் கட்சிக்காரர். 50–50 என்றிருந்த செனட் 51–49 ஆகி எதிரணியின் கைக்குப் போயிருக்கும். புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ உடன்படிக்கையைக் கோர் அந்த செனட்டில் நிறைவேற்றியிருப்பார் என்று எழுதுகிறவர்கள், 1997இல் அதே அவை 95–0 என்று எழுப்பிய முட்டுக்கட்டையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாம் பீச்சின் அந்த இருபக்கச் சீட்டுக்குப் 'பட்டாம்பூச்சி வாக்குச்சீட்டு' என்று ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்துவிட்டது; அதைத் தொட வேண்டாம். துளை குத்தும்போது சீட்டு அட்டையிலிருந்து முழுதாக விடுபடாமல் தொங்கிய துணுக்குக்குத்தான் இன்னும் பெயரில்லை. 'தொங்குதுணுக்கு' என்கிறேன். குழுவில் யாருக்கேனும் இதைவிடச் சின்னதாக ஏதாவது தோன்றுகிறதா?