வீடியோ எடிட்டிங்குக்கான கணினி: ரைசன் 7 7700 எடுப்பதா, கோர் ஐ5-14500 எடுப்பதா?

தறி (கேள்வி):

வணக்கம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டுக்கான கணினியை நானே பொருத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். முதன்மையான வேலை வீடியோ எடிட்டிங். இடையிடையே நிரல் எழுதுவேன், எப்போதாவது விளையாடுவேன். பிராசஸரைப் பொறுத்தவரை ஏஎம்டியின் ரைசன் 7 7700, இன்டெல்லின் கோர் ஐ5-14500 ஆகிய இரண்டில் ஒன்று என்பதுவரை முடிவுசெய்துவிட்டேன். முன்னதில் 8 கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) பின்னதில் 14 கோர்களும் இருப்பதால் இன்டெல்லே மேல் என்று தோன்றுகிறது. ஆனால் நண்பர்கள் பலரும் ஏஎம்டியைத்தான் சொல்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. ரேம் முடிவில் 64 ஜிபி தேவைப்படும்; இப்போதைக்கு 16 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டை வாங்கிவிட்டு, பிறகு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாமா? பவர் சப்ளை எத்தனை வாட் இருந்தால் போதும்?

பழைய மதர்போர்டு:

இந்த இரண்டு பிராசஸர்களையும் கோர்களின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட வேண்டாம். ஐ5-14500இல் உள்ள 14 கோர்களில் 6 மட்டுமே முழு வேகக் கோர்கள். மற்ற 8 கோர்களும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதற்காக அமைக்கப்பட்ட சிறிய கோர்கள். பெரிய கோர் ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரங்கள்) இயக்கும், சிறியவை ஒன்றை மட்டுமே இயக்கும் என்பதால் மொத்தம் 20 த்ரெட்கள் கிடைக்கின்றன. ரைசன் 7 7700இல் உள்ள 8 கோர்களும் ஒரே தரத்தவை, த்ரெட்கள் 16. வீடியோவை ஏற்றுமதி செய்வது போல எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் பணிகளில் இரண்டும் நெருங்கியே வரும். விளையாட்டுகளில் ரைசனுக்கே பெரும்பாலும் முன்னிலை.

நான் ரைசனைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசஸர் அமரும் இடம். ஐ5-14500 அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெல்லின் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட் வேண்டும். 2022இல் அறிமுகமான ஏஎம்5 சாக்கெட்டிலோ ரைசன் 7000, 8000ஜி, 9000 ஆகிய மூன்று வரிசைகளும் பொருந்துகின்றன. இதற்கு முந்தைய ஏஎம்4 போர்டுகளில், 2017இல் வாங்கியவற்றில்கூடப் பலவற்றில், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. சில ஆண்டுகள் கழித்துப் போர்டையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றும் வசதியை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரேமை இரண்டிரண்டாக வாங்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குகளுக்கு ஏஎம்டி அறிவித்துள்ள வேகம் டிடிஆர்5-5200. நான்கு ஸ்டிக்குகளைச் செருகினால் அது 3600ஆக இறங்கிவிடுகிறது. அதற்கு மேலும் ஓடவைப்பவர்கள் உண்டு என்றாலும், வேலைக்கான கணினியில் அந்தச் சோதனை தேவையில்லை. 32 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டை ஒரே பெட்டியில் வரும் இணையாகவே வாங்கிப் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் செருகுங்கள். 6000 வேகம், சிஎல்30 (ரேம் பதில் தரும் தாமதத்தைக் குறிக்கும் எண்) என்று அச்சிட்டிருந்தால் மிக நன்று. ஆனால் பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்காதவரை ரேம் அந்த வேகத்தில் ஓடாது. முதன்முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், அதைக் கண்டு பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

காட்சித்தொகுப்பு:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எடிட்டிங்தான் முதன்மை வேலை என்றால், சாக்கெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும்: உங்கள் கேமரா எந்த வடிவில் பதிவுசெய்கிறது?

எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10-பிட் (நிற நுணுக்கம்), 4:2:2 (நிறத் தகவலின் அளவு) என்று இருந்தால் நிலைமையே வேறு. பெரும்பாலான கைபேசிகளும் சாதாரண கேமராக்களும் 4:2:0 முறையில், நிறத் தகவலை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துப் பதிவுசெய்கின்றன. 4:2:2 முறையில் முழு நிறத் தகவலில் பாதி தங்குகிறது. நிறத்தைத் திருத்துவதற்கு இது பெரிய வசதி என்றாலும், இத்தகைய கோப்பைப் பிரித்துத் தரும் தனிச் சுற்று எல்லாச் சில்லுகளிலும் கிடையாது. ஆர்டிஎக்ஸ் 4060இல் இல்லை, ரைசன் 7 7700க்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸிலும் இல்லை. ஆகவே அந்த வேலை முழுவதும் பிராசஸரின் கோர்கள் மேல் விழும். டைம்லைனில் முன்னும் பின்னும் நகர்த்தும்போது படம் திக்கித் திக்கி வரும். ஐ5-14500க்குள் இருக்கும் யூஎச்டி 770 கிராபிக்ஸ், குவிக் சிங்க் என்ற இன்டெல்லின் வீடியோச் சுற்று வழியாக இதே கோப்பை எளிதாகக் கையாளும். ஏற்றுமதி சில நிமிடங்கள் கூடுதலானால் எழுந்து போய்விட்டு வரலாம், ஆனால் வெட்டி ஒட்டும் நேரம் முழுக்கத் திரை திக்கினால் அந்தக் கணினியில் யாரும் மனம் ஒன்றி வேலை பார்க்க முடியாது.

இன்டெல் பக்கம் போவதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்காது. அதனால்தான் விலை சற்றுக் குறைவு. மேலும், தனி கிராபிக்ஸ் கார்டைச் செருகியவுடன் பல போர்டுகள் உள்ளமைந்த கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் சென்று நீங்கள்தான் அதை மீண்டும் இயக்க வேண்டும்.

தறி:

இருவருக்கும் மிக்க நன்றி. கேமராவின் கையேட்டைப் பார்த்தேன். நான் பெரும்பாலும் பயன்படுத்துவது நீங்கள் குறிப்பிட்ட அதே எச்.265, 10-பிட், 4:2:2 வடிவத்தைத்தான். அப்படியானால் ஐ5-14500 என்று முடிவுசெய்துவிடலாமா? இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் பழுதாவதாகப் படித்ததுதான் தயக்கமாக இருக்கிறது.

பழைய மதர்போர்டு:

அந்தப் பழுது உண்மைதான். பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்று, நாளடைவில் நிலையிழந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0x129, அடுத்த மாதமே 0x12பி என்ற மைக்ரோகோடு (பிராசஸருக்குள் இயங்கும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தப் பட்டியலில் ஐ5-13600கே, 14600கே ஆகியவற்றிலிருந்து மேலே உள்ளவைதான் இருக்கின்றன, ஐ5-14500 இல்லை. எனினும் பயாஸைப் புதுப்பித்துவிட்டே பயன்படுத்துங்கள். பட்டியலில் உள்ள வகைகளை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம், ஏனெனில் திருத்தம் இனிவரும் சேதத்தைத் தடுக்குமே தவிர ஏற்கெனவே நேர்ந்ததைச் சரிசெய்யாது.

ஆனால் கார்டை நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளில் 4:2:2ஐப் பிரிக்கும் சுற்றைச் சேர்த்திருக்கிறார்கள். 4060க்குப் பதிலாக 5060ஐ எடுத்தால் ரைசன் 7 7700ஐயே வைத்துக்கொள்ளலாம். சாக்கெட்டும் கையில் இருக்கும், டைம்லைனும் தடையின்றி ஓடும். நீங்கள் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளின் பதிப்பு அந்த வசதியை ஆதரிக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஆதரிக்கவில்லை என்றால் ஐ5-14500தான்.

பவர் சப்ளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 7700இன் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் அது 88 வாட் வரை இழுக்கும். 5060க்கு 145 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 350ஐத் தாண்டாது. நல்ல தரமான 550 வாட் தாராளமாகப் போதும். பெயர் தெரியாத 750 வாட்டைவிட அதுவே மேல்.

காட்சித்தொகுப்பு:

5060 யோசனையை நானும் ஏற்கிறேன். எஸ்எஸ்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை: இயங்குதளத்துக்கு ஒன்று, எடிட் செய்யும் கோப்புகளுக்கு இன்னொன்று என இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் கியூஎல்சி (ஒரு நினைவகச் செல்லில் நான்கு பிட்) வகையைத் தவிர்த்து டிஎல்சி (மூன்று பிட்) வகையாகப் பார்த்து எடுங்கள். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது கியூஎல்சியின் வேகம் பாதியிலேயே படுத்துவிடும். 7700 கூலருடன் வருவதால் தொடக்கத்தில் தனியாக வாங்க வேண்டியதில்லை, ஏற்றுமதியின்போது இரைச்சல் தொந்தரவு கொடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.