அமிர்தா ஷேர்கில்லின் தஹீதிப் பெண்: அது அவர்தானா?

செவ்வண்ணன்:
இந்திய ஓவியர் அமிர்தா ஷேர்கில் 1934-இல் பாரிஸில் தன்னைத் தஹீதிப் பெண்ணாக வரைந்த படத்தை ஒரு பெண்ணின் சுயப் பிரகடனம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பசிபிக் தீவான தஹீதிக்கு அவர் போனதே இல்லை. திறந்த மார்பு, இடுப்பில் வெள்ளைத் துணி எல்லாமே பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் அங்கே வரைந்த பெண்களிடமிருந்து எடுத்தது. ஐரோப்பிய ஆண் ஒருவரின் பார்வையை இரவல் வாங்கித் தன்னை வரைந்தால் அது எப்படி அவருடைய அடையாளமாகும்?

மரப்பாச்சி:
படத்தை நிதானமாகப் பாருங்கள். பின்னால் ஓர் ஆணின் நிழல் பெரிதாக விழுந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்தப் பார்வையையே படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அமிர்தாவோ நம்மையும் பார்க்கவில்லை, நிழலையும் சட்டை செய்யவில்லை. கோகனின் 1899 படம் ஒன்றில் இரண்டு பெண்கள் பூவும் தட்டுமாக நம் பக்கம் நீட்டி நிற்பார்கள். இங்கே கைகள் முன்னால் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். நீட்ட எதுவும் இல்லை.

செவ்வண்ணன்:
நிழல் சரி. ஆனால் பஞ்சாபி சீக்கிய அப்பா, ஹங்கேரிய அம்மா, புடாபெஸ்டில் பிறப்பு என்று சொல்வதற்கு அவருக்கே இவ்வளவு இருக்கிறதே! பிரான்ஸ் பிடித்து ஆண்ட தீவின் பெண்கள் எதற்கு? அவர் நினைத்தால் வேடத்தைக் கலைத்துவிடலாம். அந்தப் பெண்களுக்கு அது வேடமே இல்லை.

வெயில்நதி:
அப்பாவை விட்டுவிட்டீர்கள். உம்ராவ் சிங் புகைப்படம் எடுப்பவர். தன்னையே விதவிதமாக எடுத்துக்கொண்டவர், மகள்களுக்கும் வேடம் போட்டு எடுத்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு வேடம் வேறு, நான் வேறு என்ற பிரிவே இருந்திருக்காது. பாரிஸ் காலத்துச் சுய உருவங்களிலும் ஒன்றில் சிரிக்கிறார், இன்னொன்றில் முகம் இறுகியிருக்கிறது. எது நிஜம் என்று கேட்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை.

செவ்வண்ணன்:
எல்லாமே நிஜம் என்றால் விவாதிக்கவே எதுவும் இல்லையே. 1937-இல் தென்னிந்தியப் பயணத்தை ஒட்டி வரைந்த 'பிரம்மச்சாரிகள்' படத்தைப் பாருங்கள். அப்போதும் கோகன் சாயல் முழுதாகப் போகவில்லை, ஆனால் மனிதர்களை நேரில் பார்த்து வரைந்திருக்கிறார். அமிர்தா யார் என்று கேட்டால் நான் காட்டுவது அதைத்தான், அவர் முகம் அதில் இல்லாவிட்டாலும்.

மரப்பாச்சி:
அதை நானும் காட்டுவேன். ஆனால் மனிதர்களை நேரில் பார்த்து வரையும் அந்தத் துணிச்சல் எங்கே பழகியது? பாரிஸில் தன்னையே மாடலாக நிறுத்தி, திரும்பத் திரும்ப வரைந்துதானே!