பள்ளி மேலாண்மைக் குழு: கூட்டத்தில் மாட்டிக்கொண்ட இடங்கள் (புனைபெயர்களில் ஓர் உரையாடல்)

கரும்பலகை:
2022, பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் மறுகட்டமைப்புக் கூட்டம். 20 பேர் பட்டியல் தயார். 15 பேர் பெற்றோர். கடைசி நேரத்தில், “ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரையும் சேத்துக்கலாமே” என்று ஒரு குரல். எல்லோரும் தலையாட்டியாச்சு. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, “15-ஐ 22-ஆல வகுத்துப் பாருங்க சார்” என்றார். 68 சதவீதம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 கேட்பது குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர். 22 பேர் என்றால் 17 பெற்றோர்; கூடுதல் இடம் இரண்டுமே அவர்களுக்குத்தான். குழுவில் பாதி, அதாவது 11 பேர், பெண்களாக இருக்க வேண்டும்; அது தனிக் கணக்கு. தலைமையாசிரியர் பேனாவை மூடிவிட்டார்.

திண்ணைவாசி:
20 என்பதே சட்டத்தில் இல்லையே! அரசாணை மாறினால் எல்லாம் மாறும்.

அடிக்குறிப்பு:
திண்ணை, பாதி சரி. எண்ணிக்கை மாநிலம் வைப்பது, மாறலாம். முக்கால் பங்கு நாடாளுமன்றம் போட்டது, அரசாணையால் தொட முடியாது. நடுவில் விதிகள் இருக்கின்றன: பிரிவு 38 தரும் அதிகாரத்தில் மாநில அரசு வகுத்து, அறிவிக்கை வெளியிட்டு, சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டு விதிகள் 2011-இல் வந்தவை. சட்டம், விதி, அரசாணை மூன்றையும் ‘ஜி.ஓ.’ (அரசாணை) என்றே கூப்பிட்டால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? அரசு உதவிபெறும் பள்ளி என்றால், 2012 திருத்தத்துக்குப் பிறகு குழு ஆலோசனைதான் சொல்லலாம்.

பதிவேடு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உறுப்பினர் பட்டியலைவிட அதிகம் கோட்டை விடுவது, குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில். “கழிப்பறை வேண்டும்” என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கினால் அது மனு. பிரிவு 22-இன்படி மானியத்துக்கு அடிப்படை திட்டம்தான். மத்திய அரசின் மாதிரி விதிகளில் திட்டம் தயாரிக்கக் கெடு, நிதியாண்டு முடிய 3 மாதம் முன்பு. அதாவது டிசம்பர் 31. திட்டம் 3 ஆண்டுக்கு, உள்ளே ஆண்டுக்கொரு துணைத் திட்டம். முதலில் வகுப்புவாரியாகச் சேர்க்கை மதிப்பீடு. இதைத்தான் குத்துமதிப்பாக எழுதுகிறார்கள்! தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. 58 என்று எழுதுவதா 61 என்று எழுதுவதா என்பதில் ஒரு பணியிடம் தொங்குகிறது. பிறகு கட்டடம், கருவிகள், அதற்கான கூடுதல் தொகை. தலைவரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு, மார்ச் முடிவதற்குள் உள்ளாட்சி அமைப்பிடம் போய்ச் சேர வேண்டும்.

திண்ணைவாசி:
அது கிடக்கட்டும். குழுவை 25 ஆக்கினால்?

கரும்பலகை:
19 பெற்றோர். 18.75-ஐக் கீழே இறக்க முடியாது.